கொழும்பில தைக்கத் துணி எங்க எடுக்கலாம்: பெட்டாவா, வெள்ளவத்தையா, பமுனுவையா?

தீபாவளிக்கு ஒரு மாசம் இருக்கேக்கயே தொடங்கிடும் இந்தக் கேள்வி, "அக்கா துணி எங்க எடுத்தா மலிவு" எண்டு. புதுசா மெசின் வாங்கினவை, யூடியூப் பாத்துத் தைக்கப் பழகிறவை, வீட்டில இருந்து ஓடர் எடுத்துத் தைக்கிறவை எல்லாரும் இதையே தான் கேக்கினம், பதில் சொல்றவையும் ரோசிக்காம "பெட்டாக்குப் போங்கோ" எண்டு ஒரு வசனத்தில முடிச்சிடுவினம். பாதிப் பேருக்கு அது சரியான பதில் தான். மிச்சப் பாதிப் பேர் வெயிலுக்க அலைஞ்சு, தேவையில்லாத துணி ஆறு மீட்டரோட வீட்ட வந்து, அதை அலுமாரிக்க மடிச்சு வைச்சிட்டு, பிறகு வெள்ளவத்தையில போய் வேண்டியதை வேற காசுக்கு வாங்குவினம்.

நான் யாருக்கும் இடம் சொல்ல முதல் கேக்கிறது ஒண்டே ஒண்டு தான். இதே துணி உங்களுக்குத் திரும்ப வேண்டி வருமா? ஒரு பிள்ளைக்கு ஒரு சட்டை தைக்கிறீங்கள் எண்டா வராது. கலியாணத்துக்கு ஆறு தோழிமாருக்கு ஒரே நிறத்தில தைக்கிறீங்கள், அதில ஒருத்தி கடைசி நேரம் கை நீளமா வேணும் எண்டுவா, அப்ப வரும். ஒன்லைன்ல குர்த்தி தைச்சு விக்கிறீங்கள், ஒரு டிசைன் ஓடிட்டு, இன்னும் பத்துப் பேர் கேக்கினம், அப்பவும் வரும். இந்தக் கேள்விக்குப் பதில் தெரிஞ்சா எங்க போறது எண்டது முக்கால்வாசி முடிவான மாதிரித் தான், மிச்சம் கால்வாசி தான் விலை.

சரி பெட்டால இருந்தே தொடங்குவம், ஏனெண்டா மற்ற இடமெல்லாத்தையும் எல்லாரும் அதோட தான் ஒப்பிடினம்.

புறக்கோட்டைக்கு, அதான் பெட்டாக்கு, புதுசா வாறவைக்கு முதல்ல தெரியவேண்டியது தெருக்கணக்கு. முதலாம் குறுக்குத் தெருவில எலக்ரோனிக் சாமான், நாலாம் குறுக்குத் தெருவில வெங்காயம் கிழங்கு செத்தல்மிளகாய், செட்டியார் தெருவில நகை. துணிக்கு நீங்க நிக்கவேண்டியது ரெண்டாம் மூண்டாம் குறுக்குத் தெரு, கெய்சர் வீதி, மெயின் ஸ்ட்ரீட், இவ்வளவுக்குள்ள தான். வழி தெரியாட்டி சிவப்பு வெள்ளைப் பள்ளி, அதான் சம்மாங்கோட்டுப் பள்ளி எங்க எண்டு கேளுங்கோ, சின்னப் பிள்ளையும் காட்டும், 1909ல கட்டி முடிச்சது, ரெண்டாம் குறுக்குத் தெருவிலயே நிக்குது. அதைச் சுத்தி நடந்தீங்களெண்டா துணி தான் துணி தான். மூட்டை சுமக்கிற நாட்டாமிமார் ரோல் ரோலா வண்டில்ல தள்ளிக்கொண்டு வருவினம், அவைக்கு வழி விடாட்டி முழங்கால் போயிடும், செருப்பு நல்லதாப் போட்டுக்கொண்டு போங்கோ, வெறும் பாட்டா போட்டா கால் மிதிபட்டே முடிஞ்சிடும்.

பெட்டாவில ரெண்டு சாதிக் கடை இருக்கு, இது வெளியில இருந்து பாக்கத் தெரியாது. ஒண்டு மொத்தக் கடை, ரோலாத் தான் குடுப்பினம், இல்லாட்டி குறைஞ்சது இத்தனை மீட்டர் எடுக்கோணும் எண்டுவினம். மற்றது மீட்டருக்கு வெட்டித் தாற கடை. உள்ள போய் அரை மணித்தியாலம் துணி பாத்து விலை பேசி முடிச்சாப் பிறகு "வெட்ட மாட்டம்" எண்டு சொன்னா எரிச்சல் வரும், அதால வாசல்லயே கேட்டிடுங்கோ. மொழிப் பிரச்சினை இல்லை, கடைக்காரர் தமிழும் கதைப்பினம் சிங்களமும் கதைப்பினம், இங்கிலீசில கேட்டா மட்டும் விலை கொஞ்சம் ஏறும் எண்டு எங்கட ஆக்கள் சொல்லுவினம், அது எவ்வளவு உண்மையோ தெரியா, நான் தமிழில தான் கேக்கிறது.

விலை பேசுற விஷயத்தில ஒண்டு சொல்லோணும். மீட்டருக்கு வெட்டுற கடையில ரெண்டு மீட்டர் எடுக்கப் போய் நூறு ரூபா குறைக்கச் சொல்லி நிண்டா குறையாது, முகத்தையும் திருப்பிக்கொள்ளுவினம். ஆனா "பத்து மீட்டர் எடுத்தா என்ன விலை, முழு ரோல் எடுத்தா என்ன விலை" எண்டு கேட்டுப் பாருங்கோ, கதை மாறும். தைக்கிற ஆக்கள் மூண்டு நாலு பேர் சேந்து ஒரு ரோல் எடுத்துப் பிரிக்கிறது பெட்டாவில எப்பவும் நடக்கிறது தான், லைனிங் துணி, வெள்ளைப் பொப்லின், கறுப்பு விஸ்கோஸ் மாதிரி எல்லாருக்கும் வேண்டியதை அப்பிடி எடுக்கலாம். பூப் போட்ட பிரிண்டை அப்பிடி எடுக்காதேங்கோ, ஒரே கூட்டத்தில நாலு பேர் ஒரே சட்டையோட நிப்பீங்கள்.

இனி அகலம். இதைப் பாக்காம மீட்டர் விலையை மட்டும் பாக்கிறது தான் ஏமாறுற இடம். பெட்டாவில பக்கத்துப் பக்கத்துக் கடையிலயே 36 இஞ்சி அகலமும் 44 இஞ்சியும் 58, 60 இஞ்சியும் கிடக்கும். ஒரு ஆம்பிளைச் சேட்டுக்கு 36 இஞ்சித் துணி ரெண்டே கால் மீட்டர் அளவில போகும், 58 இஞ்சி எண்டா 1.6 மீட்டர் காணும். ஒரு கணக்குக்கு 36 இஞ்சி மீட்டர் 600 ரூபா, 58 இஞ்சி 800 ரூபா எண்டு வைப்பம். முதலாவது 1350 வருது, ரெண்டாவது 1280. அப்ப 800 ரூபாத் துணி தான் மலிவு, பாக்கேக்க அப்பிடித் தெரியாது. குர்த்தி, அம்பிரல்லாப் பாவாடை மாதிரி விரிவா வெட்டுற உடுப்பெண்டா இந்த வித்தியாசம் இன்னும் கூடும், ஏனெண்டா அகலம் குறைஞ்ச துணியில பாவாடைக்கு ஒட்டு வைக்கோணும். அதால கடையில நிண்டு "அகலம் எவ்வளவு" எண்டு கேளுங்கோ, கேட்டுட்டு உங்கட இஞ்சிரேப்பால அளந்தும் பாருங்கோ, ரெண்டும் ஒண்டா இல்லாத நாளும் இருக்கு. பழைய ஆக்கள் இன்னும் யார் கணக்கில சொல்லுவினம், ஒரு யார் எண்டது 91 சென்ரிமீட்டர் சொச்சம் தான், வெளிநாட்டுப் பட்டர்ன் பாத்துத் தைக்கிறவை மூண்டு யார் எண்டு போட்டிருந்தா மூண்டு மீட்டர் எடுத்தாக் காணும், கொஞ்சம் மிச்சமும் வரும்.

அடுத்தது துணி எதால செய்தது எண்டது. பெட்டாவில எல்லாமே "கொட்டன் தான் மெடம்". கொழும்பு வெக்கைக்கும் வியர்வைக்கும் பொலியெஸ்டர் போட்டு 100ஆம் நம்பர் பஸ்ஸில நிண்டு பாத்தவைக்கு ஏன் இது முக்கியம் எண்டு சொல்லத் தேவையில்லை. கையுக்க பொத்திக் கசக்கிப் பாருங்கோ, நல்ல பருத்தியும் லினனும் சுருக்கு விழுந்து அப்பிடியே நிக்கும், பொலியெஸ்டர் கூடினது விட்ட உடன நிமிந்திடும். இன்னும் நிச்சயமாத் தெரியோணுமெண்டா கரையில இருந்து ரெண்டு நூலை உருவி வெளியில கொண்டுபோய் நெருப்புக்குச்சியில பத்த வையுங்கோ. பருத்தி கடதாசி எரியிற மணத்தோட எரிஞ்சு மெல்லிய சாம்பலாப் போகும், பொலியெஸ்டர் உருகிச் சுருண்டு கறுப்பாக் கட்டியாகும், பட்டு எரிஞ்சா மயிர் பொசுங்கின மணம். விஸ்கோஸும் பருத்தி மாதிரித் தான் எரியும், ஆனா அது குளிர்ந்து வழவழவெண்டு தொங்கும், தண்ணி பட்டா பலம் குறையும், கையால பிடிச்சாலே வித்தியாசம் விளங்கும். கடைக்குள்ள நெருப்புப் பத்த வைச்சிடாதேங்கோ, முழுக்கத் துணி.

எந்த நாள் போறது எண்டதும் விலை மாதிரி முக்கியம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான துணிக்கடை பூட்டு, போயா தினமும் அப்பிடித் தான். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆ நேரம் கனக்கக் கடை சாத்தியிருக்கும், அப்ப போய் வெயிலில நிக்காதேங்கோ. கிழமை நாளில காலமை பத்து மணிக்குப் போனா கடைப் பெடியள் ஆறுதலா ரோல் இறக்கிக் காட்டுவினம், பின்னேரம் போனா அவைக்கும் களைப்பு உங்களுக்கும் களைப்பு. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை ஆக்கள் ரெயினில கோட்டைக்குப் போங்கோ, கடற்கரை ஓரமா காத்து வாங்கிக்கொண்டு போயிடலாம், பஸ்ஸெண்டா காலி வீதி நெரிசல்லயே பாதி உற்சாகம் போயிடும். வரேக்க மூட்டையோட எண்டா மட்டும் ஓட்டோ.

பெட்டாவை நான் முதல் இடத்தில வைக்கிறது விலைக்காக மட்டும் இல்லை. ஒரே கடையில ஒரே துணி ரெண்டு மூண்டு மாசத்துக்கு ஓடும், அதுவும் பிளேன் நிறங்களெண்டா நிச்சயமா. போன முறை எடுத்த துண்டில ஒரு விரல் அகலம் வெட்டி வைச்சுக்கொண்டு போனா அதே நிறத்தை எடுக்கலாம். ஆனாலும் சாயம் போட்ட லொட் மாறினா நிறம் ஒரு சொட்டு மாறும், கடை வெளிச்சத்தில தெரியாது, தெருவுக்குக் கொண்டுவந்து பாக்கோணும். அதால ஓடர் எடுத்துத் தைக்கிறவை ஒரு உடுப்புக்கு வேண்டிய முழுத் துணியையும் ஒரே ரோலில இருந்து ஒரே நாளில எடுத்திடோணும், கைக்கு மட்டும் பிறகு வாங்குவம் எண்டு விடுறது வேலைக்காகாது.

சிப், பட்டன், லேஸ், இலாஸ்டிக், கழுத்துக்கு வைக்கிற கென்வஸ், இதெல்லாத்துக்கும் பெட்டாவை விட்டா வேற இடமே எனக்குத் தேவையில்லை. வெள்ளவத்தையில ஒரு சிப் வாங்கிற காசுக்கு இங்க பக்கெட்டா எடுக்கலாம்.

இனி வெள்ளவத்தை.

வெள்ளவத்தையில மீட்டர் விலை கூட. அதில ஒளிக்க ஒண்டுமில்லை, காலி வீதியில கடை வாடகை என்ன எண்டு எல்லாருக்கும் தெரியும், அந்த வாடகை உங்கட ப்ளவுஸ் துணிக்க தான் இருக்கு. அப்பிடியிருந்தும் சீலைக்கு மட்சிங் ப்ளவுஸ் எண்டா நான் கண்ணை மூடிக்கொண்டு வெள்ளவத்தை எண்டு தான் சொல்லுவன். ஏனெண்டா அங்க நீங்க வாங்கிறது துணியோட சேத்து அந்தக் கடைக்கார அண்ணையின்ர பொறுமையையும் தான். சீலையைக் கொண்டுபோய் மேசையில போட்டா கிளிப்பச்சையில மட்டும் எட்டுப் பச்சை இறக்கி வைப்பார், கரை நிறத்துக்குப் போடவா உடல் நிறத்துக்குப் போடவா எண்டு அவரே கேப்பார், டூ பை டூ ப்ளவுஸ் துணி போதுமா, ரோ சில்க் வேணுமா, லைனிங் இதோட சேரும் எண்டு தானே வெட்டித் தருவார், சீலைக் கரைக்குப் பிடிக்கிற ஃபோல் துணியும் அங்கயே, சில இடத்தில பக்கத்து ஒழுங்கையில டெயிலரையும் காட்டி விடுவினம். பெட்டாவில அந்தச் சனத்துக்க சீலையை விரிச்சுப் பிடிச்சுக்கொண்டு நிக்கேலாது, விரிச்சாலும் நாட்டாமி வண்டில் மேல ஏறும்.

ஒரு ப்ளவுஸுக்கு ஒரு மீட்டருக்கு உள்ள தான் துணி போகும். மீட்டருக்கு இருநூறு முந்நூறு கூடக் குடுத்தாலும் கூடப்போனது அவ்வளவு தானே, பெட்டாக்குப் போய் வாற செலவும் அரை நாளும் அதை விடக் கூட. அதே பதினைஞ்சு மீட்டர் எடுக்கோணும் எண்டா கணக்கு தலைகீழ், அப்ப வெள்ளவத்தையில எடுக்கிறது காசைக் கடலில போடுற மாதிரி. நிறம் பாக்கேக்க இங்கயும் அதே கதை தான், கடைக்குள்ள எல்ஈடி லைட்டில அச்சொட்டா இருக்கும், வெளியில வந்தா ஒண்டு நீலம் பாயும் ஒண்டு மஞ்சள் பாயும். "ஒருக்கா வெளியில கொண்டுபோய்ப் பாக்கட்டா" எண்டு கேட்டா ஒருத்தரும் மறிக்க மாட்டினம். வெட்டின துணியை மட்டும் ஒருத்தரும் திருப்பி எடுக்க மாட்டினம், இது பெட்டா வெள்ளவத்தை எல்லாத்துக்கும் பொது.

சும்மா ஒரு கதை, துணி வாங்க வெள்ளவத்தைக்குப் போறவையில எத்தினை பேருக்குத் தெரியுமோ தெரியா, ஒரு காலத்தில துணி வெள்ளவத்தையிலயே நெய்தது. வெள்ளவத்தை நூல் நெசவு ஆலை எண்டு பெரிய மில், பழைய ஆக்கள் இன்னும் அந்தப் பக்கத்தை மில்லடி எண்டு சொல்லுவினம், அந்தக் காணியில தான் இப்ப ஹவ்லொக் சிட்டி மாடிவீடுகள் நிக்குது. இப்ப அங்க விக்கிற துணியில பெரும்பங்கு இந்தியாவில இருந்தும் சீனாவில இருந்தும் தான் வருது. அதால தான் டொலர் ஏறினா எங்கட சட்டையும் ஏறுது, 2022ல டொலர் 200 ரூபாயில இருந்து ஒரு ரெண்டு மூண்டு மாசத்தில 360 ஐத் தொட்டதுக்குப் பிறகு துணி விலை பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை, 2024 ஜனவரியில வாட் வரி 18 வீதமாகினது அதுக்கு மேல.

மூண்டாவது பமுனுவ. இதைத் தமிழ் ஆக்கள் கனபேர் எட்டியும் பாக்கிறதில்லை, தூரம் எண்டு நினைச்சு. மகரகமச் சந்திக்குக் கிட்டத் தான், கோட்டையில இருந்து 138 பஸ், வெள்ளவத்தை ஆக்கள் பாமன்கடைப் பக்கத்தால கிருலப்பனைக்குப் போய் ஹைலெவல் ரோட்டில 138 ஏறலாம். களனிவெளி ரெயினிலயும் மகரகமவில இறங்கலாம், ஆனா அது அடிக்கடி ஓடாது.

அங்க என்ன விசேஷம் எண்டா கார்மன்ட் மிச்சத் துணி. எங்கட நாட்டுக் கார்மன்ட்டுகள் வெளிநாட்டுக் கொம்பனிகளுக்குத் தைக்கேக்க கழிவு போகும் எண்டு துணியைக் கொஞ்சம் கூடவே ஓடர் பண்ணுவினம், பிறகு மிஞ்சும். சில ரோல் நிறம் ஒரு சொட்டு மாறினதெண்டு கழிச்சு விடுவினம், சில ஓடர் கான்சல் ஆகும். அதெல்லாம் கை மாறி கை மாறி இப்பிடியான இடங்களுக்கு வந்து சேரும். வெளிநாட்டு பிராண்ட் ஒண்டுக்கெண்டு நெய்த ஸ்ட்ரெச் கொட்டன், நல்ல டெனிம், ரீசேட் துணி, உள்ளுடுப்புக்குப் போடுற மெல்லிய நிட், அதான் இழுபடுற பின்னல் துணி, எல்லாம் பெட்டாவில தேடினாலும் இந்தத் தரத்தில கிடைக்காது, அதுவும் இந்த விலையில. பிள்ளையளுக்கு பிஜாமா, ரீசேட், லெகின்ஸ் தைக்கிறவை பெட்டாக்குப் போறதை விட்டிட்டு நேர இங்க போகலாம் எண்டது என்ர அபிப்பிராயம்.

நிட் துணி கனக்க இடத்தில கிலோக்கணக்கில தான் விக்கிறது, இதுக்கும் ஒரு கணக்கு வேணும். துணியின்ர பாரத்தை ஜிஎஸ்எம் எண்டு சொல்லுவினம், ஒரு சதுர மீட்டர் எத்தினை கிராம் எண்டது. சாதாரண ரீசேட் துணி 180 ஜிஎஸ்எம் எண்டு வைப்பம், அகலம் ஒண்டரை மீட்டர். 180ஐ ஒண்டரையால பெருக்கினா 270, அப்ப ஒரு மீட்டர் நீளம் 270 கிராம், ஒரு கிலோவில 3.7 மீட்டர் வரும். பெரியாக்களின்ர ரீசேட் மூண்டு தாராளமா வெட்டலாம், மிச்சத்தில குழந்தைக்கு ஒண்டும் வரும். அதே தடிச்ச ஃப்லீஸ் 300 ஜிஎஸ்எம் எண்டா கிலோவில ரெண்டே கால் மீட்டர் கூட வராது. ஆக கிலோ விலை ரெண்டுக்கும் ஒண்டாயிருந்தாலும் மீட்டருக்குப் பாத்தா ஃப்லீஸ் மற்றதை விட ஒண்டரை மடங்குக்கும் மேல விலை. இந்தக் கணக்குத் தெரியாம கிலோ கணக்கில துணி வாங்கக் கூடாது, போனில கல்குலேட்டர் இருக்குத் தானே.

குறை என்னெண்டா, முதல்ல கேட்ட மாதிரி இதே துணி திரும்ப வேணுமெண்டா பமுனுவ "இல்லை" எண்டு தான் பதில் சொல்லும். இண்டைக்குக் கண்ட துணி அடுத்த கிழமை இருக்காது, மிச்சம் எண்டா மிச்சம் தான். ஓடர் எடுத்துத் தைக்கிறவை அங்க ஒரு துணியைக் கண்டு போட்டோ எடுத்து கஸ்டமருக்கு அனுப்பி, கஸ்டமர் அவவின்ர புருசனைக் கேட்டு, ரெண்டு நாள் கழிச்சு ஓம் எண்டு சொல்ல, நீங்க திரும்பிப் போனா ரோல் போயிருக்கும். பிடிச்சா அப்பவே எடுக்கோணும். இன்னொண்டு, கழிச்சு விட்ட ரோலில பிழை இருக்கலாம், கரையில சின்ன ஸ்டிக்கரோ அம்புக்குறியோ ஒட்டியிருந்தா அந்த நேரா ஒரு பிழை இருக்கு எண்டு ஃபக்டரியில அடையாளம் வைச்சது. ஸ்டிக்கர் இருந்தா வாங்காதேங்கோ எண்டு நான் சொல்ல மாட்டன், எத்தினை இடத்தில இருக்கு, வெட்டேக்க தள்ளி வெட்டலாமா எண்டு பாத்து அதுக்கேத்த மாதிரி விலை பேசுங்கோ. நிட் துணியெண்டா ரெண்டு பக்கமும் இழுத்து விட்டுப் பாருங்கோ, திரும்பச் சுருங்கி வராட்டி முழங்கால் தொங்குற லெகின்ஸ் தான் தைப்பீங்கள். மெசினுக்கு நுனி உருண்ட போல்பொயின்ட் ஊசியும் வேணும், சாதாரண ஊசி நிட்டில தையல் விட்டு விட்டுப் போகும்.

சிங்களம் கொஞ்சம் தெரிஞ்சா நல்லம், தெரியாட்டியும் விரலைக் காட்டிச் சமாளிக்கலாம். சனி ஞாயிறு சனம் நெரியும்.

இந்த மூண்டுக்கும் வெளியில நிக்கிறது கைத்தறி. கொழும்பு 3ல காலி வீதியில இருக்கிற பெயார்ஃபுட் எல்லாருக்கும் தெரியும், 1964ல பார்பரா சன்சோனி தொடங்கினது, அந்தக் கண்ணைப் பறிக்கிற கோடு கோடான நிறங்கள் அவவின்ர. மீட்டருக்கும் துணி எடுக்கலாம். விலையைப் பாத்திட்டு பெட்டாவோட ஒப்பிட்டு மூச்சு விடுறதில பிரயோசனம் இல்லை, கையால நெய்தது அந்த விலை தான் வரும். குஷன் உறை, மேசை விரிப்பு, பை, ஒரு நல்ல ஜக்கெட், இப்பிடி வருசக்கணக்கில வைச்சிருக்கிற சாமானுக்கு அது பெறும். வளர்ற பிள்ளைக்கு அதில சட்டை தைக்கிறது எனக்கு விளங்கேல்லை, ஆறு மாசத்தில கட்டையாப் போயிடும். கைத்தறி எங்க எடுத்தாலும், கடும் சிவப்பு கடும் நீலமெண்டா, வெட்ட முதல் ஒரு மூலையை நனைச்சு வெள்ளைத் துணியால தேய்ச்சுப் பாருங்கோ, சாயம் ஒட்டினா அதை வெள்ளையோட சேத்துத் தைக்கக் கூடாது. எல்லாப் பருத்தியையும் வெட்ட முதல் ஒருக்கா நனைச்சுக் காயவிட்டு அயர்ன் பண்ணோணும், அதைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போச்சு, ஆனாலும் ஆக்கள் அவசரத்தில நேர வெட்டித் தைச்சுப்போட்டு முதல் தோய்ச்சலோட சட்டை கட்டையாப் போச்செண்டு கடைக்காரனைத் திட்டினம்.

ஒன்லைன் பற்றிக் கன பேர் கேப்பினம். ஃபேஸ்புக் லைவ், வாட்ஸ்அப் குறூப், டராஸ் எல்லாத்திலயும் துணி விக்கினம். லேஸ், பட்டன், நூல், ஊசி, மெசின் பார்ட்ஸ் எண்டா தாராளமா எடுங்கோ. துணி எண்டா, ஏற்கனவே அந்த ஆளிட்ட வாங்கிக் கை வைச்சுப் பாத்த துணியை மட்டும் திரும்ப எடுக்கலாம். போன் திரையில பாத்து நிறமும் தெரியாது பாரமும் தெரியாது, "சொஃப்ட் கொட்டன்" எண்டு போட்டிருக்கிறது மூண்டு விதமான துணியா வந்து சேரும். ஜிஎஸ்எம் என்ன, அகலம் என்ன எண்டு கேட்டா பதில் சொல்ற ஆளிட்ட வாங்கலாம், "நல்ல துணி டியர்" எண்டு மட்டும் பதில் வந்தா விடுங்கோ.

யூனிஃபோர்மைப் பற்றியும் ஒரு சொல்லு. அரசாங்கப் பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு துணி இலவசமாத் தான் குடுபடுது, ஆனா வருசத்துக்கு ஒரு செட்டோட எந்தப் பிள்ளை நிக்குது, மற்ற செட்டுக்கு வாங்கத் தான் வேணும். வெள்ளைத் துணியை வெள்ளவத்தையில எடுக்காதேங்கோ, பெட்டாவில எடுங்கோ, ஆனா ஜனவரியில பள்ளிக்கூடம் தொடங்கிற நேரம் போகாதேங்கோ, ஒக்டோபர் நவம்பரிலயே, தீபாவளிச் சனம் குறைஞ்ச ஒரு கிழமை நாளாப் பாத்து எடுத்து வைச்சிடுங்கோ. வெளிச்சத்துக்கு நேர பிடிச்சுப் பாருங்கோ, உங்கட கை விரல் மற்றப் பக்கத்தால வடிவாத் தெரிஞ்சா பொம்பிளைப் பிள்ளைக்கு அது சரிவராது, உள்ள பெட்டிக்கோட் போட்டாலும் மழையில நனைஞ்சா கஷ்டம். அதுக்காக ஒரேயடியா வருசத்துக்கும் சேத்து வாங்கிக் குவிக்கவும் வேண்டாம், கொழும்புக் காத்தில அலுமாரிக்க கிடந்த வெள்ளைத் துணி பூஞ்சணம் பிடிச்சுப் புள்ளி விழும், அது என்ன செய்தாலும் போகாது.

சென்னைக்குப் போய் வாறவை தி.நகரில அள்ளிக்கொண்டு வருவினம், அதையும் ஒரு வழியெண்டு சொல்லுவினம். பட்டும், பிரிண்ட் பருத்தியும் அங்க எடுக்கிறது சரி, கண்ணுக்கு நிறைஞ்ச தெரிவு. ஆனா முதல் கேள்வியைத் திரும்பக் கேட்டுப் பாருங்கோ, கைக்கு அரை மீட்டர் காணாமப் போனா பிளேன் ஏறுவீங்களா? அங்க எடுக்கிறதெண்டா எதையும் அரை மீட்டர் கூட வெட்டிக்கொண்டு வாங்கோ, மிஞ்சினா பைப்பிங்குக்கு ஆகும்.

இப்ப எண்ணிப் பாத்தா என்ர ஆக்களுக்கு நான் சொல்றது இது தான். தைக்கப் பழகிற பிள்ளையள் பமுனுவக்குப் போங்கோ, கிலோ துணியை வெட்டிப் பழுதாக்கினாலும் மனம் நோகாது. சீலை ப்ளவுஸ் ஒண்டு ரெண்டு எண்டா வெள்ளவத்தை, சீலையைக் கையோட கொண்டு போங்கோ. திரைச்சீலை, லைனிங், யூனிஃபோர்ம், தோழிமார் உடுப்பு, வியாபாரத்துக்குத் தைக்கிறது எல்லாம் பெட்டா, கடையின்ர பேர் போட்ட பில்லையும் துணியில ஒரு துண்டையும் ஒண்டாக் குத்தி ஒரு கொப்பியில ஒட்டி வைச்சுக்கொள்ளுங்கோ, அகலத்தையும் விலையையும் பக்கத்தில எழுதி. அடுத்த முறை அந்தக் கொப்பியைக் கடைக்காரருக்கு நீட்டினாப் போதும், "போன மாசம் எடுத்த அந்த மாதிரி நீலம்" எண்டு அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தத் தேவையில்லை, அவரும் நீங்க தொடர்ந்து வாற ஆள் எண்டு கண்டுகொண்டு பத்து மீட்டர் விலையை அஞ்சு மீட்டருக்கே போட்டுத் தருவார்.